பதினெட்டு வளைவால் ஏறி பதுளை வீதியால் இறங்குவோம்



"ஓகஸ்ட் லீவுக்கு எங்க போறீங்க? பழைய கார் ஒண்டுல மலைநாடு சுத்தப் போறீங்களாமே, உண்மையா?" என்று ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறார்கள், பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாததால் மொத்தமாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்ரீ ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்க இருக்கிறோம்.

செய்தி உண்மைதான். நானா, நாங்கள், தங்கச்சி என்று பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து வாப்பாவை ஒரு 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனரில் ஏற்றிக்கொண்டு ஏழு நாள் பயணம் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். உம்மாவும் சின்னவர்களும் பின்னால் வேனில் வருவார்கள். செங்கலடியில் தொடங்கி, மகியங்கனை, கண்டி, நுவரெலியா, பதுளை என்று ஒரு வட்டம் அடித்து மறுபடி செங்கலடிக்கு வருவது. போகிற வழியில் பழைய வாகனங்களோடு தொடர்புள்ள இடங்களையும் பார்ப்பது.

வாப்பாவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஏறாவூரில் 1960களின் கடைசியில் இருந்து 1990 வரை ஹயர் கார் ஓடியவர். கல்யாணக் காரும் அவர்தான், ஆஸ்பத்திரிக் காரும் அவர்தான். கார் ஓர் ஒஸ்டின் ஏ40 சமர்செட். கியர்த் தடி தரையில் இல்லாமல் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்கும் வகை. இப்போது வயது 79. மூன்று வருடத்துக்கு முன்பு, யாரும் சொல்லாமலே, "இனிக் கண் காணாது" என்று சொல்லி லைசன்சைப் புதுப்பிக்காமல் விட்டவர். அதனால் இந்தப் பயணத்தில் அவர் ஓட்டப் போவதில்லை. ஸ்டியரிங்கில் நானா. முன்சீட்டில் வாப்பா.

முதலில் காரைப் பற்றி.

இது எங்களுடைய கார் இல்லை. நானாவின் மச்சினனுடையது. கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் தகரம் மூடிக் கிடந்ததை வாங்கி, ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டித் தட்டிச் சரிசெய்தவர். மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் மினியைக் கொண்டுவந்தவரும் அவரே. 1948இல் லண்டன் கார்க் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வந்தது. ஒரு வேடிக்கை: தயாரிப்பு ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் "கார் ஒடுக்கமாக இருக்கிறது" என்று மாதிரிக் காரை நெடுக்கு வாட்டில் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அளவைத்தான் எடுத்தார். போனட்டின் நடுவில் ஓடுகிற அந்த அகலமான வரம்பு அப்படி வந்ததுதான். பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இது.

இலங்கையில் இந்தக் கார் இன்னும் ஓடுவதற்குக் காரணம் எங்களுடைய பாஸ்மாரின் கைதான். இங்கிலாந்தில் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், இந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை 1990களில் இலங்கையில் செய்வித்து அங்கே எடுத்தார். அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்கே அதன் பாகங்கள் இங்கிருந்து போயின. எங்கள் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய காரைக் கண்டால் சிரித்தவர்கள் கூட "விக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இப்போது இறக்குமதி திறந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

இந்தக் காரின் இலக்கத்தகட்டில் நடுவில் சிங்கள 'ஸ்ரீ' இருக்கிறது. தங்கச்சியின் மகன் "இதென்ன எழுத்து?" என்று கேட்டான். 1950களின் கடைசியில் அந்த எழுத்தை எல்லா வாகனத்துக்கும் போட்டபோது வடக்கிலும் கிழக்கிலும் அதன்மேல் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முன்னால் நடந்த கதை இது. காரின் வயதும் அந்தக் கதையின் வயதும் ஒன்று. பழைய கார் என்பது இரும்பு மட்டும் இல்லை என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனித் திட்டம்.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போட்டோம். கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் ஒரு 1935ஆம் ஆண்டு ஸ்டான்டர்ட் நைன் கார் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து இளவரசர் பிலிப், 1940இல் கடற்படையில் இளம் அதிகாரியாக இங்கே இருந்த காலத்தில் 12 பவுணுக்கு வாங்கிய அவருடைய முதல் கார். அதைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. ஆனால் கொழும்பு வாகன நெரிசலில் மணிக்கணக்காக நின்று நின்று ஊர்ந்தால் இந்தக் கார் கொதித்துவிடும். அதனால் கொழும்பை வெட்டினோம். அதைப் பஸ்ஸில் போயும் பார்க்கலாம்.

இந்த ஒரு வெட்டுத்தான் முழுத் திட்டத்துக்கும் வழி காட்டியது. புதுக் காரில் போகிறவர் "எங்கே போகலாம்?" என்று யோசித்துத் திட்டம் போடுவார். பழைய காரில் போகிறவர் "இந்தக் கார் எதைச் செய்யாது?" என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியலையும் எழுதினோம்.

ஒன்று, மூச்சு. 948 சீசீ எஞ்சின். புதிதாக இருந்த காலத்தில் 37 குதிரைவலு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதமளவு பலம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர், ஆறாயிரம் அடிக்கு மேல். அங்கே போய்ச் சேரும்போது கையில் இருப்பது முப்பது குதிரைதான். அதனால் ஏற்றங்களில் காருக்குள் மூன்று பேருக்கு மேல் இல்லை. சாமான்கள் எல்லாம் வேனில்.

இரண்டு, கொதி. எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், நுவரெலியா உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். இன்றைய கார்களின் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை நன்றாகப் பிடித்துவைத்து இதைச் சமாளிக்கிறது. பழைய கார்களின் மூடி அவ்வளவு பிடிக்காது. எஞ்சினுக்கு அதிக வேலை வருகிற அதே ஏற்றத்தில்தான் தண்ணீரும் கெதியாகக் கொதிக்கும். மருந்து ஒன்றுதான்: நிறுத்து, போனட்டைத் திற, அரை மணித்தியாலம் இரு. சூட்டோடு மூடியைத் திறக்காதே.

மூன்று, பிறேக். நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். நீளமான இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, மிதி உள்ளே போகும், கார் நிற்காது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய றைவர்மாரின் சட்டம்.

நான்கு, வெயில். சமவெளிப் பகல் வெக்கையில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் அடைபடும். வாப்பா காலத்தில் குழாயில் நனைந்த சாரன் துண்டைச் சுற்றிவிடுவார்களாம். கச்சான் காற்று வீசுகிற ஓகஸ்ட்டில் செங்கலடிக்கும் மகாஓயாவுக்கும் இடையில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடுவது சரி வராது. அந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டினாலும் ஓட முடியாது. காலையும் பின்னேரமும்தான் மிச்சம்.

இந்த நாலையும் எழுதி முடித்த கிழமையில்தான் வாப்பாவை வழமையான கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பயணத்தைப் பற்றிச் சொன்னதும் டொக்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போகலாம். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் வைக்க வேண்டாம். இறக்கி நடக்க விடுங்கள். குளிரான இடத்துக்கு ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், படிப்படியாகப் போங்கள். உச்சி வெயிலில் கொண்டு திரிய வேண்டாம். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள்."

வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியையும் காரின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். இரண்டும் ஒரே பட்டியல். இந்தப் பயணம் சரி வரும் என்ற நம்பிக்கை எங்களுக்கு அன்றைக்குத்தான் வந்தது. வாப்பாவுக்காக நிறுத்துகிறோம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "என்ன நோயாளியா நான்?" என்பார். காருக்காக நிறுத்துகிறோம் என்றால் அவரே போனட்டைத் திறக்கச் சொல்லுவார்.

அடுத்தது பாதை. இங்கேதான் பிரச்சினை வந்தது.

எங்கள் செங்கலடிச் சந்தியில் இருந்து மேற்கே பிரிந்து போகிற பதுளை வீதியை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பதுளை என்பார்கள். இல்லை. ஏ5 நெடுஞ்சாலை பேராதனையில் இருந்து தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவ, மகாஓயா வழியாக வந்து எங்கள் செங்கலடியில் முடிகிறது. ஏறத்தாழ 275 கிலோமீற்றர். தேயிலைக் குளிரில் தொடங்குகிற பாதை எங்கள் வாவிக் காற்றில் முடிகிறது. இலங்கையில் ஒரே வீதியில் இத்தனை வகை நிலத்தைப் பார்க்கலாம் என்றால் அது இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் போட்ட திட்டம்: இந்த ஏ5 வழியே நேராக ஏறிப் போவது. பதுளை, நுவரெலியா, கண்டி. பிறகு கண்டியில் இருந்து மகியங்கனை வீதியால், பேர்போன பதினெட்டு வளைவால் இறங்கி, பதியத்தலாவயில் மீண்டும் ஏ5இல் சேர்ந்து வீட்டுக்கு வருவது. வரைபடத்தில் கோடு போட்டு வாப்பாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து அதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்.

"இப்பிடிப் போவம். பதினெட்டு வளைவால ஏறுங்க. பதுளையால எறங்குங்க."

ஏன் என்று கேட்டோம்.

"ஏத்தத்துல கார் நிண்டா தண்ணி ஊத்தலாம் மகன். அந்த வளைவுல எறங்கக்குள்ள பிறேக் போனா என்னத்த ஊத்துவ?"

நியாயமான பதில். பதினெட்டு வளைவு ஹசலக்கவுக்கு மேலே மலையில் கொண்டை ஊசிகளை அடுக்கிவைத்தது போன்றது. வீதியை அகலமாக்கியபோது ஒன்று குறைந்து இப்போது பதினேழுதான் என்கிறார்கள். பெயர் மாறவில்லை. அதேபோல றம்பொடையும் கம்பளைப் பக்கத்தில் இருந்து ஏறுவதாக வரும். இரண்டு கடுமையான இடமும் ஏற்றமாகிவிடும். டிரம் பிறேக் காருக்கு அதுதான் பாதுகாப்பு. நானா உடனே ஒத்துக்கொண்டார். வரைபடத்தில் அம்புக்குறிகளை மாற்றினோம்.

இரவு உம்மா எங்களைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னது வேறு. "பிறேக்குக்காக மட்டும் செல்லல்ல. அந்த மனுஷன் பதுளையில இரிந்து வர ஏலாமப் போன ஆள். அந்த வழியால திரும்பி வரணும் எண்டுதான் செல்றாரு."

1990 ஜூன் மாதம். வாப்பா ஒரு ஹயரில் பதுளைக்குப் போயிருந்தார். ஜவுளி வியாபாரிகள் இரண்டு பேர். காலையில் செங்கலடியால் ஏறி, பின்னேரம் போய்ச் சேர்ந்து, மறுநாள் திரும்புவது என்ற வழமையான ஓட்டம். ஜூன் 11இல் மட்டக்களப்பில் சண்டை தொடங்கியது. திரும்பி வருகிற பாதை அடைபட்டுப் போனது. பதுளையில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ரயர்க் கடை வைத்திருந்த ஒரு சிங்கள நண்பரின் வீட்டில் வாப்பா பல நாட்கள் இருந்தார். பிறகு காரை அவரிடமே விட்டுவிட்டு, பஸ்ஸில், பொலன்னறுவைப் பக்கமாகச் சுற்றி, கால்வாசித் தூரம் நடந்து வீட்டுக்கு வந்தார்.

அந்த ஓகஸ்ட்டில் எங்கள் ஊருக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கிற பலர் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

அதற்குப் பிறகு பதுளை வீதி எங்களுக்கு வீதியாக இருக்கவில்லை. கறுத்தப் பாலம் ஓர் எல்லையானது. பாலத்துக்கு அப்பால் கரடியனாறும் புல்லுமலையும் எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் பெயர்களாகின. அங்கே இருந்த தமிழ்ச் சனமும் குறைவாகப் படவில்லை. 2007இல் சண்டை முடியும்போது அவர்களும் கைக்குழந்தைகளோடு வீடு வாசலை விட்டு ஓடி வந்தவர்கள்தான். ஒரே வீதி இரண்டு சமூகத்துக்கும் பதினேழு வருடம் பறிபோயிருந்தது.

காரை அந்த நண்பர் 1991இல் விற்றார். எப்படியோ ஆள் பிடித்து, காசை ஒரு சதமும் குறையாமல் வாப்பாவின் கையில் சேர்த்தார். அந்தக் காசில்தான் நானா ஏஎல் படித்தார். எங்களில் இருவர் ஆசிரியரானதற்குப் பின்னாலும் அந்தக் கார் இருக்கிறது. பாதை திறந்த பிறகு வாப்பா பதுளைக்குப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை. நாங்களும் கேட்டதில்லை. இப்போது முதல் தடவையாக, விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றிக் காட்டி, போக வேண்டும் என்கிறார்.

அதனால் திட்டம் இப்போது இப்படி நிற்கிறது:

முதல் நாள்: ஸுபஹுக்குப் பிறகு செங்கலடி. கறுத்தப் பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா. மகாஓயா வெந்நீரூற்றில் காலை வைத்துக்கொண்டு காருக்கு ஓய்வு. பகல் முழுக்க நிழலில் இருந்து, பின்னேரம் பதியத்தலாவ தாண்டி மகியங்கனை. நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

இரண்டாம் நாள்: ஹசலக்க, பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, கண்டி. தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். மேலே ஏறியபின் திரும்பிப் பார்த்தால் மகாவலிச் சமவெளி முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். வாப்பா ஓடிய காலத்துத் தெல்தெனிய நகரம் இப்போது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. 1980களில் அணை கட்டியபோது ஊரையும் வீதியையும் மேலே தூக்கி வைத்தார்கள். "பழைய தேத்தண்ணிக் கடை எந்த எடத்துல இரிந்திச்சி எண்டு காட்டுறன்" என்கிறார். தண்ணீரைத்தான் காட்டப் போகிறார்.

மூன்றாம் நாள்: கடுகண்ணாவை. இதுதான் வாகனப் பைத்தியங்களுக்கான நாள். அங்கே வீதிகளுக்கான நூதனசாலை ஒன்று இருக்கிறது. வீதி போட்ட பழைய நீராவி ரோலர்களைத் திறந்த வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 2014இல் திறந்த ரயில் நூதனசாலை. கொழும்பு கண்டி வீதியைப் போட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக்கு 1832இல் கட்டிய கோபுரமும் அங்கேதான். மலையைக் குடைந்து ஒருவன் பாதை போடும்வரை கண்டியை யாரும் பிடிக்க முடியாது என்று ஒரு பழைய நம்பிக்கை இருந்ததாம். குடைந்த அந்தப் பாறையும் வீதியோரம் அப்படியே நிற்கிறது. பாதை என்பது சும்மா கிடப்பதில்லை, யாரோ போட்டது, யாருக்காகவோ போட்டது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். இரவு கம்பளையில் சொந்தக்காரர் வீடு.

நான்காம் நாள்: கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. ஐம்பது சொச்சம் கிலோமீற்றருக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு எட்டு, பத்துக் கிலோமீற்றருக்கும் ஒரு நிறுத்தம். றம்பொடை நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பகல் சாப்பாடு. ஓகஸ்ட்டில் இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை இருக்கும். வைப்பர் மெதுவாகத்தான் ஆடும், அதனால் மழை பெய்தால் ஓரம் கட்டிவிடுவது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அன்றைக்குப் பயணமே இல்லை. இந்த வருடம் எந்த இடத்தில் வீதி எப்படி இருக்கிறது என்று புறப்படுவதற்கு முதல் நாளே விசாரிப்பது கட்டாயம்.

ஐந்தாம் நாள்: நுவரெலியாவில் ஓய்வு. மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கிற வளைவுகளைப் பார்க்கப் போகிறோம். 1934இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கார்ப் போட்டிகளில் ஒன்று. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், ஒவ்வொரு காராக, நேரத்தை அளந்து ஏற விடுவார்கள். ஏப்ரல் சீசனில்தான் பந்தயம். நாங்கள் போகும்போது வெறும் வீதிதான் இருக்கும். எங்கள் மைனரும் அதில் ஒரு தடவை ஏறும். வாப்பா கையில் மணிக்கூடு இருக்கும். நேரத்தை இங்கே போட மாட்டோம், மானம் போய்விடும்.

ஆறாம் நாள்: ஹக்கலை, கெப்பெட்டிபொல, வெலிமடை, ஹாலிஎல, பதுளை. இந்தப் பயணத்தின் அதிசயம் இந்த இடத்தில்தான். ஓகஸ்ட்டில் நுவரெலியாவில் மழையும் பனியும். ஹக்கலை தாண்டி இறங்க இறங்க வானம் வெளுத்து, வெலிமடையில் காய்ந்த வெயிலும் காற்றும். மலையின் மறுபக்கம் மழை மறைவுப் பிரதேசம். அந்தக் காய்ந்த காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை எடுக்கிற ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு. புத்தகத்தில் இரண்டு பருவக்காற்று என்று வரைபடம் போட்டுப் படிப்பிப்பதை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டாவது மூன்றாவது கியரிலேயே இறக்கம். அவசரம் இல்லை.

ஏழாம் நாள்: பதுளையில் இருந்து வீடு. பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவ, மகாஓயா, செங்கலடி. 145 கிலோமீற்றரளவு. எங்கள் சட்டத்தின்படி இது ஒரு நாளுக்கு அதிகம். பிபிலையில் தங்கி மறுநாள் வரலாம், தோடம்பழமும் வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். "இல்ல. ஒரே நாள்ல வரணும். அப்ப அப்பிடித்தான் வாறது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸுபஹோடு புறப்பட்டு, மலையைக் காலைக் குளிரிலேயே இறங்கி, பிபிலையில் உச்சி வெயிலுக்கு நிழல் பிடித்து, ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, வெயில் சாயத் தொடங்கியதும் ஓடி, இருட்டுவதற்கு முதல் புல்லுமலையைக் கடந்துவிட வேண்டும். டொக்டரின் ஒரு மணித்தியாலச் சட்டம் மட்டும் எந்த நாளிலும் மாறாது.

இதேபோலப் பழைய காரில் போக நினைப்பவர்களுக்கு நாங்கள் சேர்த்து வைத்திருக்கிற சாமான் பட்டியலையும் தருகிறோம். இருபது லீற்றர் தண்ணீர். ஃபேன் பெல்ட் இரண்டு. ரேடியேட்டர் ஹோஸ் மேல் ஒன்று கீழ் ஒன்று. பிளக் நாலு, பொயின்ட் செட், கொண்டென்சர், ரோட்டர். ஃபியூஸ். பிறேக் ஒயில் போத்தல். காய்ந்த துணி, நனைக்கிற துணி. சில்லுக்கு அடை வைக்க இரண்டு மரக்கட்டை. எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹாண்டில். கயிறு. புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு பழைய பிறேக் ஒயிலை முழுதாக இறக்கிப் புதிதாக ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் குமிழி விடும், மிதி பஞ்சு மாதிரிப் போகும். ரயரின் பூ மட்டும் பார்க்காதீர்கள், பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடாமல் நின்ற காரின் ரயர் தேயாது, ஆனால் காயும்.

முக்கியமாக இன்னொன்று. வீட்டில் பழைய றைவர் ஒருவர் இருந்தால் அவரைச் சும்மா ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் திட்டத்தில் எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற முடிவு வாப்பாவுடையது. கிழமைக்கு இரண்டு தடவை மச்சினனின் கராஜுக்குப் போய், கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மூணாவது வால்வ் கொஞ்சம் தட்டுது" என்கிறார். பார்த்தால் தட்டத்தான் செய்கிறது. இந்த இரண்டு மாதமாக அவர் மருந்து குடிக்க மறந்ததில்லை. உம்மா சொல்லுகிற கணக்கு இது.

இனி உங்களிடம் கேட்க இருந்த உதவி.

1990இல் பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ரயர்க் கடை வைத்திருந்தவரின் குடும்பத்தைத் தேடுகிறோம். அவர் இன்று இருந்தால் வாப்பாவைவிடச் சற்று மூத்தவராக இருப்பார். பெயரை இங்கே பகிரங்கமாகப் போடவில்லை, அவர்கள் விரும்புவார்களோ தெரியாது. பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கத்தில் படிப்பிக்கிற ஆசிரிய நண்பர்கள், அந்தப் பக்கம் வியாபாரம் செய்கிற எங்கள் ஊரவர்கள், உங்களுக்குத் தெரிந்த பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏறாவூரில் இருந்து வந்த ஒரு கறுப்பு ஏ40 காரைத் தன் வீட்டு முற்றத்தில் ஒரு வருடமளவு வைத்துப் பார்த்தவர் என்று சொன்னால் வீட்டாருக்கு விளங்கும். தகவல் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

அவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் இருப்பார்கள். ஆறாம் நாள் பின்னேரம் முழுவதையும் நாங்கள் வேறு எதற்கும் ஒதுக்கவில்லை. வாப்பா அதற்காக ஒரு சேர்ட்டை அயன் பண்ணி அலுமாரியில் வைத்திருக்கிறார்.

பயணம் நல்லபடி அமைய துஆ செய்யுங்கள். வெலிமடைக்கும் பதுளைக்கும் இடையில் இப்போது வீதி எப்படி என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.